பகலெல்லாம் நின்றால் சாயந்திரம் எடுக்க மறுக்கும் லாரி: டீசல் எங்கே போனது?

வண்டி ஆறு சக்கர லாரி. நாலு சிலிண்டர், பிஎஸ்-4 என்ற புகை விதிக் காலத்து வண்டி, 24 வோல்ட். காமன் ரயில் இன்ஜின், அதாவது ஹை பிரஷர் பம்பு டீசலை ரயில் என்ற ஒரே பொதுக் குழாயில் அழுத்தி வைக்கும், அங்கிருந்துதான் சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் போகும். வேலை காய்கறி லோடு. சாயந்திரம் வாடிப்பட்டியில் கிளம்பி ஒட்டன்சத்திரம் போய் ஏற்றி, விடிவதற்குள் பரவை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, காலை எட்டு மணிவாக்கில் திரும்ப வாடிப்பட்டியில் ஓனர் வீட்டுப் பக்கம் வந்து நிற்கும். புகார் என்னவென்றால், சாயந்திரம் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் பத்துப் பன்னிரண்டு வினாடி செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது, சில நாள் ஒரே அடியில் எடுக்காமல் விட்டுவிட்டு இரண்டு மூன்று தடவை. ஒருமுறை எடுத்துவிட்டால் ராத்திரி முழுக்க எங்கே நிறுத்தினாலும் பெரிய தொல்லை இல்லாமல் எடுக்கிறது. பிக்கப் குறையவில்லை, மைலேஜ் குறையவில்லை, புகை இல்லை, டேஷ்போர்டில் செக் லைட்டும் எரியவில்லை.

சமயநல்லூர் பக்கம் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வருவதற்கு முன்பே இந்த வண்டிக்கு நிறையச் செலவாகியிருந்தது. முதலில் இரண்டு பேட்டரியும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் நன்றாகவே எடுத்ததால் பேட்டரிதான் காரணம் என்று நம்பி இருந்துவிட்டார்கள், அப்புறம் பழைய கதை. பிறகு செல்ஃப் மோட்டாரை இறக்கிக் கார்பன், புஷ் எல்லாம் மாற்றினார்கள், ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதாக ஒரு இடத்தில் நாலு இன்ஜெக்டரையும் கழற்றி ரீகண்டிஷன் பண்ண வேண்டும் என்று ஒரு தொகை சொல்ல, அங்கேதான் ஓனர் பயந்துபோய் வண்டியை எங்களிடம் கொண்டுவந்தார்.

"இன்ஜெக்டர் போயிருச்சுன்னா வண்டி ஓடுறப்பவும் தெரியணும்ல அண்ணே?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. எப்போதும் தெரியும் என்று சொல்ல முடியாது, ஆனால் யோசிக்க வேண்டிய கேள்வி.

நான் டூல்ஸை எடுக்கவில்லை, டிரைவரை உட்காரவைத்துக் கேட்டேன். எவ்வளவு நேரம் நின்றால் லேட்டாகிறது? எந்த மாதிரி இடத்தில் நின்றால்? அன்றைக்கு டாங்கில் எவ்வளவு டீசல்? முதல் கேள்விக்குப் பதில் தெளிவாக வந்தது: டீக்கடையில் நிறுத்தினால் ஒன்றுமில்லை, மார்க்கெட்டில் ரெண்டு மணி நேரம் நின்றால் கொஞ்சம் இழுக்கும், பகல் முழுக்க நின்றால் நிறைய இழுக்கும். இரண்டாவதற்கு, ஓனர் வீட்டு முன்னால் தரை சிறுமலைப் பக்கம் பார்த்து ஏறுவதால் வண்டியின் முகம் மேலே தூக்கி நிற்குமாம், அங்கேதான் தொல்லை அதிகம். மூன்றாவது கேள்விக்கு அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "டாங்க் ஃபுல்லா இருந்தா அவ்வளவா தெரியாதுண்ணே. கால் டாங்க்குக்குக் கீழ போச்சுன்னாதான் உசுர எடுக்குது."

பேட்டரி மாற்றிய அன்றைக்கு டீசல் போட்டீங்களா என்று கேட்டேன். அன்றைக்குத்தான் ஃபுல் டாங்க் அடித்ததாக ஓனரே சொன்னார். புதுப் பேட்டரிக்குக் கிடைத்த நல்ல பேரு உண்மையில் டாங்கில் இருந்த டீசலுக்குப் போக வேண்டியது.

இந்த மூன்று பதிலையும் சேர்த்துப் பார்த்தாலே திசை தெரிந்துவிடுகிறது. நிற்கும் நேரம், சரிவு, டாங்கின் மட்டம் இந்த மூன்றுக்கும் பேட்டரியோடும் இன்ஜெக்டரோடும் பெரிய சம்பந்தமில்லை. மூன்றுக்கும் பொதுவானது டாங்குக்கும் இன்ஜினில் இருக்கும் பம்புக்கும் நடுவே நிற்கும் டீசல். அது திரும்ப டாங்குக்கே இறங்கிவிடுகிறது என்று வைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்தும். நேரமானால் அதிகம் இறங்கும், முகம் தூக்கி நின்றால் உயர வித்தியாசம் கூடும், டாங்க் காலியாக இருந்தால் இன்னும் கூடும். ஆனால் பொருந்துகிறது என்பதற்காக நேராக அங்கே ஸ்பானர் வைப்பதும், பேட்டரி மாற்றியவர் செய்ததும் ஒன்றுதான், அளந்து பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

காமன் ரயில் இன்ஜின் ஸ்டார்ட் ஆக என்னென்ன வேண்டும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய இன்ஜினில் கை பழகினவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டீசலைத் தள்ளும் பழைய இன்லைன் பம்பு வண்டியில் லைனில் கொஞ்சம் ஏர் இருந்தாலும் ஏதோ ஒரு சிலிண்டரில் டீசல் போய் விழும், இருமிக்கொண்டே எடுக்கும், நாமும் சத்தத்தை வைத்தே ஏர் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவோம். காமன் ரயிலில் அந்த இருமல் கிடையாது. ரயிலில் ஒரு குறைந்தபட்ச பிரஷர், வண்டிக்கு வண்டி மாறும், ஏறக்குறைய 200 முதல் 300 பார் வரை (பார் என்பது அழுத்தத்தின் அளவு), வந்தால்தான் ஈசிஎம், அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், இன்ஜெக்டரைத் திறக்கவே உத்தரவு கொடுக்கும். அதுவரைக்கும் நீங்கள் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் இன்ஜின் சும்மா சுற்றும். இது தவிர இன்ஜின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், இன்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று சொல்லும் கிராங்க் சென்சார், கேம் சென்சார் இரண்டின் சிக்னலும் ஒத்துப்போக வேண்டும், கம்ப்ரஷன் இருக்க வேண்டும். அவ்வளவுதான் பட்டியல். மதுரைப் பக்கம் குளிர் என்ற காரணத்தைச் சொல்லி யாரும் தப்பிக்க முடியாது, அதிலும் இந்த வண்டி பகல் வெயிலில் வெந்துவிட்டு சாயந்திரம் எடுக்க மறுக்கிற வண்டி.

வண்டியைப் பட்டறையிலேயே ஒரு பகல் முழுக்க நிற்கவைத்தோம். காலையில் வந்து நின்றதிலிருந்து சாயந்திரம் வரை யாரும் சாவியைத் தொடக் கூடாது என்று பசங்களிடம் சொல்லியிருந்தேன், இந்த மாதிரிக் கேஸில் நடுவில் ஒருத்தர் ஆர்வத்தில் ஒரு செல்ஃப் அடித்துவிட்டால் அன்றைய பொழுது வீண். முகத்தை மேலே தூக்கி நிறுத்த முன் சக்கரத்தை ஒரு மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினோம். டாங்கில் கால்வாசிக்கும் குறைவான டீசல்.

சாயந்திரம் ஈசிஎம்மைப் படிக்கும் ஸ்கேனரையும் மல்டிமீட்டரையும் மாட்டிவிட்டு டிரைவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, ஒரு பையனைச் சைலன்சர் முனையில் நிறுத்தினேன். சைலன்சரைப் பார்க்கக் காசு வேண்டாம், ஆனால் முக்கால்வாசிப் பேர் பார்ப்பதில்லை. செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம், அப்போது கம்ப்ரஷன், ஹீட்டர், டைமிங் என்று போக வேண்டும். புகையே இல்லையென்றால் டீசலே உள்ளே போகவில்லை. இதில் கடைசி வரை ஒரு பொட்டுப் புகை இல்லை, எடுத்த அந்த நொடியில் லேசாக ஒரு வெள்ளை, பிறகு சுத்தம்.

பேட்டரி சும்மா இருக்கும்போது 25 வோல்ட்டுக்கு மேல், செல்ஃப் அடிக்கும்போது 20-க்குக் கீழே இறங்கவில்லை. 24 வோல்ட் வண்டியில் இது 18, 19-க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும். எர்த் வயரில், அதாவது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே செல்ஃப் அடிக்கும்போது விழுந்தது 0.3 வோல்ட், அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. ஸ்கேனரில் சுற்றும் வேகம் 190 ஆர்பிஎம். ஆக பேட்டரி, வயர், செல்ஃப் மோட்டார் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆர்பிஎம் ஸ்கேனரில் வந்ததால் கிராங்க் சென்சாரும் உயிரோடு இருக்கிறது, கேம் சென்சாரோடு சிங்க் ஆகிவிட்டது என்பதையும் அதே திரை காட்டியது.

மிச்சம் ரயில் பிரஷர். எனக்கு இந்தக் கேஸில் முக்கியமாகப் பட்டது பிரஷர் எவ்வளவு என்பதல்ல, அது எப்படி ஏறியது என்பதுதான், ஸ்கேனரில் கிராஃப் போட்டுப் பார்த்தால் மட்டும் தெரிகிற விஷயம் இது. முதல் எட்டு ஒன்பது வினாடி தரையோடு தரையாகக் கிடந்தது, பத்துப் பதினைந்து பாரைத் தாண்டவில்லை. பிறகு ஒரே தாவல், ஒன்றரை வினாடிக்குள் 300-ஐத் தாண்டியது, இன்ஜின் எடுத்துவிட்டது.

இன்ஜெக்டர் பேக் லீக், அதாவது இன்ஜெக்டருக்குள்ளேயே டீசல் கசிந்து ரிட்டர்ன் குழாய்க்குப் போவது, அதிகமாக இருந்தாலோ, அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரயிலின் ரிலீஃப் வால்வு ஒழுகினாலோ கிராஃப் இப்படி இருக்காது. பம்பு தள்ளுவதும் லீக் குடிப்பதும் ஒரே நேரத்தில் நடப்பதால் கோடு ஆரம்பத்திலிருந்தே மெதுவாக, சரிவாக, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும், 150, 180 என்று தவழ்ந்து ஒருவழியாக எல்லையைத் தொடும். அதோடு அந்தத் தொல்லை பெரும்பாலும் இன்ஜின் சூடாக இருக்கும்போதுதான் அதிகம் தெரியும், சூட்டில் டீசல் இளகித் தண்ணீர் மாதிரி ஆகி இடுக்கில் எல்லாம் ஓடிவிடுவதால். இந்த வண்டியோ சூட்டில் தங்கமாக எடுக்கிறது. தரையில் கிடந்து திடீரென்று தாவுகிற கோடு சொல்வது வேறு: பம்பு நல்ல பம்பு, ரயில் நல்ல ரயில், இன்ஜெக்டரும் நல்ல இன்ஜெக்டர், ஆனால் முதல் ஒன்பது வினாடி பம்புக்கு டீசலே கிடைக்கவில்லை, காற்றைத்தான் மென்றுகொண்டிருந்தது.

இன்னொன்று. வண்டியை ஆஃப் பண்ணியதும் ரயில் பிரஷர் பூஜ்யத்துக்கு இறங்குவதைக் காட்டி, பாருங்கள் லீக் என்று இன்ஜெக்டரைக் கழற்ற வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது இறங்கத்தான் செய்யும். ராத்திரி முழுக்க ரயிலில் பிரஷர் நிற்க வேண்டும் என்று எந்த வண்டிக்கும் விதியில்லை. நிற்க வேண்டியது லைனில் டீசல்.

மறுநாளும் அதே மாதிரி நிறுத்திவிட்டு, இந்தத் தடவை செல்ஃப் அடிக்கும் முன், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டரான வாட்டர் செபரேட்டரின் தலையில் இருக்கும் கைப் பம்பை அடித்தேன். டீசல் நிறைந்திருந்தால் ரெண்டு மூணு அடியில் கை இறுகிவிடும், இது தொளதொளவென்று போய்க்கொண்டே இருந்து வெகுநேரம் கழித்துத்தான் இறுகியது. பிறகு சாவியைத் திருப்பினால் இரண்டு வினாடியில் எடுத்துவிட்டது. ஓனர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "அப்ப இம்புட்டு நாளா இந்தக் கைப் பம்ப அடிச்சிருந்தா போதுமா?" என்று கேட்டார், முகத்தில் சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை.

காற்று எங்கே ஏறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் மிச்ச வேலை, பொறுமை வேண்டியதும் அதற்குத்தான். இந்த வண்டியில் டாங்க், கைப் பம்பு, வாட்டர் செபரேட்டர், அங்கிருந்து குழாய் வழியாக ஹை பிரஷர் பம்போடு ஒட்டிய, டாங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் கியர் பம்பு, இதுவரைக்கும் எல்லாமே உறிஞ்சும் பக்கம். உறிஞ்சும் பக்கத்து லீக் வெளியே சொட்டாது. ஓடும்போது உள்ளே வெற்றிடம் என்பதால் காற்று உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே வராது. நிற்கும்போதும் லைனில் உள்ள டீசல் கீழே இறங்கப் பார்ப்பதால் அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு, அப்போதும் காற்றுதான் உள்ளே போகும். ஸ்ட்ராவில் இளநீரை உறிஞ்சி மேல் முனையை விரலால் மூடினால் இறங்காமல் நிற்கும், விரலை லேசாக நகர்த்தினால் மொத்தமும் இறங்கிவிடும், அதே கதை. "ஒரு சொட்டுக்கூடக் கீழ விழலையேண்ணே" என்று டிரைவர் திரும்பத் திரும்பச் சொன்னது உண்மை, ஆனால் அது லீக் இல்லை என்பதற்குச் சாட்சியல்ல.

செபரேட்டருக்கும் கியர் பம்புக்கும் நடுவே கண்ணாடி மாதிரித் தெரியும் ஒரு டீசல் ஹோஸை மாட்டி ஐடிலில் ஓடவிட்டோம். மணி கோத்த மாதிரிச் சின்னச் சின்னக் குமிழி தொடர்ந்து வந்தது. ஓடும்போது இந்த அளவு காற்றைப் பம்பு சமாளித்து ரிட்டர்ன் வழியாக டாங்குக்கு அனுப்பிவிடுகிறது, அதனால்தான் பிக்கப் குறையவில்லை. குமிழி இருப்பதால் காற்று ஹோஸுக்கு முன்னால், டாங்க் பக்கத்தில்தான் ஏறுகிறது.

அடுத்து அழுத்தத்தைத் திருப்பிப் போட்டோம். டாங்க் மூடிக்குப் பதில் ஒரு அடாப்டர் வைத்து, மூச்சுக் குழாயையும் ரிட்டர்ன் குழாயையும் அடைத்து, ரெகுலேட்டர் வழியாக 0.2 பார் காற்று மட்டும் கொடுத்தோம். இதைச் செய்பவர்கள் தயவுசெய்து நேராகக் கம்ப்ரஸர் ஹோஸைச் சொருகாதீர்கள், 0.3 பாரைத் தாண்டினால் டாங்க் வயிறு உப்பிவிடும். முன்னதாக எல்லா ஜாயிண்ட்டையும் கழுவித் துடைத்துக் காயவைத்து முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவியிருந்தோம். கொஞ்ச நேரத்தில் செபரேட்டரின் அவுட்லெட் பேஞ்சோ போல்ட்டை, அதாவது டீசல் வெளியேறும் குழாயைப் பிடித்திருக்கும் துளையுள்ள போல்ட்டை, சுற்றிப் பவுடர் ஒரு பக்கம் மட்டும் ஈரமாகிக் கறுத்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த காப்பர் வாஷர் பழசு. ஏற்கனவே ஒருமுறை நசுங்கிய வாஷரையே ஃபில்டர் மாற்றும்போது திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அதன் முகத்தில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு கோடு. லேசில் கண்ணில் படாது. அந்த ஃபில்டர் மாற்றிய பிறகுதான் தொல்லை மெல்ல மெல்லத் தொடங்கியது என்பது டிரைவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

புது வாஷர் போட்டோம், குமிழி நின்றது. ஓனர் வண்டியை எடுத்துக்கொண்டு போகத் தயாராகிவிட்டார், நான் இன்னொரு பகல் நிற்கட்டும் என்றேன், அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு லோடு போனால் அவருக்கு நஷ்டம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கைப் பம்பு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பேஞ்சோவில் காற்று ஏறினாலும் கைப் பம்புக்குள் இருக்கும் என்ஆர்வி, அதாவது டீசலை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு, ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் அதற்கு மேலே உள்ள டீசல் அப்படியே நிற்க வேண்டும், எங்கே இறங்கும்? அது இறங்கியிருக்கிறது என்றால் வால்வும் விட்டுக்கொடுக்கிறது.

நினைத்தபடியே சாயந்திரம் ஐந்து வினாடி இழுத்தது. பன்னிரண்டோடு ஒப்பிட்டால் ஓனருக்கு அதுவே திருப்தி, ஆனால் இந்த இன்ஜினுக்கு இரண்டு வினாடிதான் சரியான நேரம் என்பதைக் கைப் பம்பு அடித்த அன்றைக்கே பார்த்துவிட்டோம். பேஞ்சோ அடைபட்டதும் காற்று அந்த வழியே வரவில்லை, ஆனால் கியர் பம்பின் இடுக்கு வழியாக ரிட்டர்ன் பக்கத்திலிருந்து மெதுவாக வரத்தான் செய்யும், கீழே வால்வு பிடிக்காவிட்டால் டீசல் மெதுவாக இறங்கத்தான் செய்யும்.

கைப் பம்பைப் பிரித்தோம். உள்ளே வரும் பக்கத்து வால்வின் சீட்டில் வெள்ளையாக ஒரு நூல் ஒட்டியிருந்தது. டெஃப்லான் டேப். அதைப் பார்த்ததும் டாங்க் மேல் இருக்கும் உறிஞ்சு குழாயின் நட்டைப் போய்ப் பார்த்தால், மரை முழுக்கத் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவதுபோல டேப்பைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். என்றோ அங்கே டீசல் கசிவதுபோல் தெரிந்திருக்கும், யாரோ நல்லெண்ணத்தில் சுற்றியிருக்கிறார்கள். நட்டை முறுக்கும்போது டேப் கிழிந்து துணுக்கு உள்ளே போய், உறிஞ்சு குழாய் வழியாக மேலேறி முதல் தடையான அந்த வால்வில் போய் உட்கார்ந்துவிட்டது. துணுக்கு இன்னும் மேலே போயிருந்தால் செபரேட்டர் ஃபில்டரில் மாட்டியிருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது, வால்வின் சீட்டில் மாட்டியதுதான் அதிர்ஷ்டக்கேடு. டேப்பை முழுக்க எடுத்து மரையை பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணி, அங்கே இருக்க வேண்டிய வாஷரைப் போட்டு இறுக்கினோம். வால்வைக் கழுவி மாட்டினோம், ஸ்பிரிங் நன்றாகவே இருந்தது. உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் வலையையும் பார்த்துவிட்டோம், அது அடைத்திருந்தால் வெற்றிடம் கூடி எந்தச் சின்ன இடுக்கிலும் காற்றை இழுக்கும், இதில் கொஞ்சம் தூசுதான்.

அடுத்த பகல் அதே மண்மேடு, அதே கால் டாங்க். சாயந்திரம் கிராஃப் போட்டுப் பார்த்தால் கோடு முதல் வினாடியிலேயே கிளம்பி இரண்டு வினாடிக்குள் இன்ஜின் எடுத்துவிட்டது.

இதே புகாரோடு வேறு வண்டி வந்தால் காரணமும் இதுவேதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்கேனரில் ஆர்பிஎம்மே வராமல் செல்ஃப் மட்டும் சுற்றினால் கிராங்க் சென்சார் பக்கம் போங்கள், அதிலும் சூடானால் மட்டும் செத்துப்போகும் சென்சார்கள் உண்டு. ஆர்பிஎம் வருகிறது, பிரஷரும் ஏறிவிட்டது, ஆனாலும் இழுக்கிறது என்றால் கேம் சென்சாரைப் பாருங்கள், அது இல்லாமலும் சில இன்ஜின் எடுக்கும், ஆனால் எந்தச் சிலிண்டர் முறை என்று ஈசிஎம் ஊகித்துக்கொண்டிருக்கும் நேரம் தாமதமாகத் தெரியும். கோடு சரிவாக ஏறினால் நாலு இன்ஜெக்டரின் பேக் லீக் குழாயையும் நாலு பாட்டிலில் விட்டு அளந்துவிட்டுப் பேசுங்கள், ஒரு பாட்டில் மட்டும் மற்றதைவிட வேகமாக நிறைந்தால் அந்த ஒன்றைத்தான் கழற்ற வேண்டும், நாலையும் அல்ல.

ஏர் எடுப்பதற்காக இன்ஜெக்டர் பைப் நட்டை லூஸ் பண்ணிவிட்டுச் செல்ஃப் அடிக்கும் பழக்கம் காமன் ரயில் வண்டியில் வேண்டவே வேண்டாம். ஓடும்போது அந்த லைனில் 1,600 பார் வரை வரும், நூல் மாதிரிப் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. ஏர் கிளீனரில் பெட்ரோல் துணி வைப்பதும் வேண்டாம். செல்ஃபையும் ஒரே மூச்சில் 15 வினாடிக்கு மேல் அடிக்காமல் ஒரு நிமிஷம் ஆறவிட்டு அடியுங்கள், இந்த வண்டியின் செல்ஃப் மோட்டார் கார்பன் தேய்ந்ததற்கு அந்த நீண்ட அடியே காரணமாக இருந்திருக்கலாம்.

பில்லில் எழுதியது இரண்டு காப்பர் வாஷர், ஒரு ஓ ரிங், கூலி. கூலியைப் பார்த்துவிட்டு ஓனர் என்னைப் பார்த்தார், வாஷர் விலையைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். அடுத்த ஃபில்டர் சர்வீஸுக்கு வரும்போது பேஞ்சோ வாஷர் எல்லாம் புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், டாஷ்போர்டில் கிடந்த அந்த டெஃப்லான் டேப் உருளையை டிரைவரே எடுத்து வெளியே போட்டுவிட்டார்.